அமலி கண்ட பெரணி

கோடைக்கானல்,
ஜூன் 1963

அன்புள்ள மகன் செபாஸ்டினுக்கு அம்மா அடைக்கலமேரி எழுதுவது. மாதாவின் தயவால் அப்பாவும் நானும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மதராசில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன், இன்றைக்கும் செபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இதைவிட மோசமாய் இருந்திருக்கும். சீசன் கூட்டம் இறங்கிவிட்டது, அப்பா வேலை பார்க்கும் ஹோட்டலில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, மத்தியானத்திலேயே பனிமூட்டம் வந்து துணி ஒன்றும் காய்வதில்லை. கொல்லையில் பிளம்ஸ் நன்றாய்ப் பழுத்தது, குரங்குக்குத் தப்பியதைப் பறித்து உனக்கு அனுப்ப ஒரு கூடை கட்டி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாய் வாசி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ அனுப்பிய கல்லூரி ஆண்டு மலர் வந்தது. ஆசிரியர் சாதனைகள் என்ற பக்கத்தில் டை கட்டின உன் போட்டோவைப் பார்த்ததும் அடுப்பில் பால் இருந்ததையும் மறந்து அப்பாவிடம் ஓடினேன். தாவரவியல் விரிவுரையாளர் செபாஸ்டின் பழனி மலைச் சோலைகளில் அலைந்து திரிந்து இதுவரை யாரும் அறியாத பெரணி வகை ஒன்றைக் கண்டுபிடித்தார், லண்டன் பத்திரிகையில் அவர் கட்டுரை வெளிவந்தது, அதன் பயனாக மேல்படிப்புக்கு இங்கிலாந்து செல்கிறார், அந்தச் செடிக்குத் தம் தாயாரின் பெயரையே லத்தீனில் சூட்டியிருக்கிறார் என்று போட்டிருந்தது. என் பெயரை அச்சில் பார்த்து அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு மாணவர் சாதனைகள் பக்கத்தைத் திருப்பினேன், உன்னிடம் படிக்கும் நம் அமலியைப் பற்றியும் நாலு வரி இருக்கும் என்றுதான். இருந்தது. கல்லூரி நாள் கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு, எம்.எஸ்.ஸி. மாணவி அமலி. அவ்வளவுதான். முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் புரட்டிப் பார்த்தேன், அவளைப் பற்றி வேறு ஒரு சொல் இல்லை. அப்போதுதான் என் உடம்பு எரிய ஆரம்பித்தது, இன்னும் ஆறவில்லை.

ஏலே செபாஸ்டின், அலைந்து திரிந்தது யார்? அந்தப் பெண் போன வருடம் மழைக்காலம் முழுக்கச் செடி சேகரிக்க நம் வீட்டில்தானே தங்கியிருந்தாள். பூம்பாறை பஸ்ஸில் கண்டக்டராய் இருக்கும் அவள் அப்பா பேத்துப்பாறையிலிருந்து கொண்டுவந்து விட்டு, ஒங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் டீச்சர் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளனே எழுந்து கஞ்சியைக் குடித்துவிட்டு மழையில் போவாள், இருட்டும் நேரத்தில் காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு வருவாள், நான்தான் சுண்ணாம்பு வைத்துவிடுவேன். செடியை வைத்து அழுத்தின காகிதங்களை அடுப்பு மேல் காயவைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தது நான். நீ இரண்டு நாள் வந்தாய். வந்த அன்றே சளி பிடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து மிளகு ரசம் கேட்டாய். அப்போதுதான் அவள் அந்த இலையைக் கொண்டுவந்து காட்டினாள். அடியில் இருக்கிற பழுப்புப் பொட்டுகள் மற்றதைப் போல இல்லை சார், ஓரத்தோடு வளைந்து போகின்றன, பாருங்கள் என்றாள். நீ கையில்கூட வாங்கவில்லை. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கிறதுதான், தூக்கிப் போடு என்றாய். என் அடுக்களையில், என் காது கேட்கச் சொன்னாய். அவள் தூக்கிப் போடவில்லை. நீ மதராசுக்குப் போன பிறகு மறுபடியும் அந்த ஓடைக்கு இறங்கி வேரோடு எடுத்துவந்தாள், என்னுடைய தையல் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்து ராத்திரியெல்லாம் படம் வரைந்தாள். இன்றைக்கு நீ கண்டுபிடித்தவன், அவள் கோலம் போட்டவள்.

இது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான் என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். நீ படிக்கும்போது உன் புரொபசர் உன் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்று வந்து இதே வீட்டில் சோறு வேண்டாம் என்று படுத்துக் கிடந்தாயே, அப்போது இது எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்று உனக்குத் தோன்றவில்லையே. அன்றைக்கு உன்னோடு சேர்ந்து நானும் அந்த மனிதரைத் திட்டினேன். இன்றைக்கு யாரைத் திட்ட?

இதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. ஹெட்மாஸ்டர் சுப்புராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் உனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்துவிட்டார், நீ வர முடியாததால் உனக்குப் பதில் நான் மேடையில் உட்கார வேண்டுமாம், செடியே என் பெயர்தானாம். முந்தின நாள், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் அமலியை வரச்சொல்லிக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லைங்க என்றாள், தலையை நிமிர்த்தவே இல்லை. விடாமல் கேட்டதும் சொன்னாள். என் பேர்ல போனாத்தான் லண்டன்ல போடுவாங்க, ஒன் பேரைப் பாத்தா பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்கன்னு சாரு சொன்னாங்க டீச்சரம்மா, அடுத்ததுல ஒன் பேரைச் சேக்குறேன்னாங்க, நானும் சரின்னுட்டேன், சரின்னு சொல்லாம என்ன செய்ய, அவுககிட்டத்தானே ஆராய்ச்சிக்குச் சேரணும் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

கூட்டத்தில் எனக்கு ரோஜா மாலை போட்டார்கள். சுப்புராஜ் சார் உன்னைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். என்னை இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னதும் எழுந்தேன், சொல்லிவிட்டேன். இந்தப் பெரணியைக் கண்டுபிடித்தது என் மகன் இல்லை, பின்னால் மூணாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அமலி, நான் என் கண்ணால் பார்த்தவள், என் மகன் அதைத் தூக்கிப் போடச் சொன்னான் என்றேன். சுப்புராஜ் சார் என் பக்கம் குனிந்து, டீச்சர், அது காலேஜ் சோலி, நமக்கு எதுக்குங்க, பையன் பேரு கெட்டுரும்ல என்றார். அவன் பேரைக் காப்பாற்ற இன்னொருத்தி பெயரை அழிக்க என்னால் ஆகாது என்று அதையும் மைக்கிலேயே சொன்னேன். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அமலியின் அப்பா காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார், டியூட்டிக்குப் போக வேண்டியவர். மகளைப் பார்த்து, இம்புட்டு நாளா என்கிட்ட ஏன் சொல்லல ஆத்தா என்று மட்டும் கேட்டார். அவள் எழுந்து போய்விட்டாள்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நீ சொன்னது நெசந்தான், சபையில சொல்லிருக்க வேணாம் என்றார். பொய்யை அச்சடித்து ஊர் ஊராய் அனுப்பியிருக்கிறான், உண்மையை மட்டும் நான் அடுப்படியில் முணுமுணுக்க வேண்டுமா என்று கேட்டேன். ஹோட்டலில் உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இப்போது அவர் பதில் சொல்வதில்லையாம்.

அமலியும் என் மேல் கோபமாய்த்தான் இருந்தாள். புதன்கிழமை வந்து வாசலில் நின்றபடியே, என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லிருக்கலாம்ல டீச்சரம்மா, சாரு இனி என்னையச் சேத்துக்குவாங்களா என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன், காப்பி போட்டேன். பிறகு அவளாகவே சொன்னாள், வெளியே வந்தது வந்துருச்சு, இனிமே என் வாயால சொல்லாட்டி ஒங்க தயவுல கெடச்ச மாதிரி ஆயிரும், காலேஜ் தொறந்ததும் டிபார்ட்மெண்டுல எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நானே சொல்லப்போறேன், வேர் எங்க எடுத்தேன், எப்ப எடுத்தேன், எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும் என்றாள். என் பெயரை அந்தச் செடியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி உனக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். பேரு இருக்கட்டும், நான் வச்சிருந்தாலும் அதைத்தான் வச்சிருப்பேன் என்றாள். செபாஸ்டின், உனக்கு என் பெயர் ஞாபகம் வந்தது, அவளுக்கும் என் பெயர்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் அவள் எனக்குக் கொடுத்திருக்க வேண்டியதை நீ அவள் கையிலிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்திருக்கிறாய். அதை நான் எப்படி வாங்கிக்கொள்வேன்?

நீ கெட்டவன் இல்லை, நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதா. சின்ன வயதில் ஒரு பென்சில் கீழே கிடந்தால்கூட யாருடையது என்று வகுப்பெல்லாம் கேட்டு அலைவாய். அந்தப் பிள்ளை எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்து போக முடியாமல் போகலாம், போகட்டும். கல்லூரி முதல்வர் கோபிக்கலாம், கோபிக்கட்டும். லண்டன் பத்திரிகைக்கு நடந்ததை எழுது, அவள் பெயரைப் போடச் சொல். அவளை உன்னிடமே ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள், அவளுக்கு உன்னிடம் படிக்க மனம் இல்லை என்றால் வேறு நல்ல இடத்துக்கு நீயே சிபாரிசு எழுதிக் கொடு. அவள் சொன்னதற்காக ஒரு சின்னத் தொந்தரவு கொடுத்தாய் என்று என் காதுக்கு எட்டினாலும் மதராசுக்கு வந்து உன் டிபார்ட்மெண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன், செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதராஸ் வெயிலில் ஐஸ் தண்ணீர் குடிக்காதே, அதில்தான் உனக்குச் சளி கட்டுகிறது. ஞாயிறு பூசையை விடாதே, பாவசங்கீர்த்தனத்துக்குப் போ, இந்தத் தடவை சாமியாரிடம் சொல்ல உனக்கு விஷயம் இருக்கிறது. என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்தில் அதை நிறுத்திவைக்க எந்தத் தாயாலும் முடியாது, சேசுவும் மாதாவும் உனக்குத் துணை நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அமலி ஞாயிற்றுக்கிழமை கோடை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள், திங்கட்கிழமை காலையில் கல்லூரியில் இருப்பாள். அவள் எழுந்து நிற்பதற்கு முன்னால் நீ எழுந்து நில்.

உன்னைப் பெற்றவள்,
அடைக்கலமேரி ஆரோக்கியதாஸ்