உன் ஜெர்கினுக்குக் கறுப்புப் பட்டை வந்த கதை

கடையில் வாங்கியது இல்லை கண்ணு, நானேதான் தைத்தேன், நம்பு. காலையில் நான் போட்டோ அனுப்பியதும் நீல ஜெர்கினில் அந்தக் கறுப்புப் பட்டை சூப்பர் டிசைன், எந்தக் கடை என்று கேட்டாயே, அது டிசைனே இல்லை, உன் அப்பன் பண்ணிய கூத்து. சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்தக் குளிர் ஊரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா? இங்கே நானும் அம்மாவும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறோம்.

போன மாசம் போனில் என்ன சொன்னாய்? “அப்பா, ஜெர்கினை நீயே தைக்கறேன்னு பாதியில விட்டுடுவ, மாமா இங்க வர்றப்ப கடையில வாங்கிக் குடுத்தனுப்பு, போதும்.” சுருக்கென்று இருந்தது. பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டவன், வேலையைச் சட்டை மாதிரி மாற்றுகிறவன், நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் அவ்வளவு கோபம். மாமா கிளம்புவதற்குள் இதை முடிக்காவிட்டால் இனி எதையும் தொடங்கவே கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

நெட்டில் ஜெர்கின் வெட்டுகிற பேட்டர்ன் எடுத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன், முப்பத்திரண்டு தாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரை முழுக்கப் பரப்பி ஒட்டினேன். முதல் தாளில் சின்னதாக ஒரு சதுரம் இருந்தது, கம்பெனி முத்திரை என்று விட்டுவிட்டேன். நாலே நாளில் துணியை வெட்டி, மூட்டி, ஜிப் வைத்து அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன், உன் அளவும் அவள் அளவும் ஒன்றுதானே. ஜிப் தொப்புளைத் தாண்டவில்லை. கையைத் தூக்கினாள், முதுகுத் தையல் டர்ர். “மூச்சு விடாம இருந்தா போட்டுக்கலாங்க, ஆனா அவ பஸ்ல வேற ஏறணுமே” என்றாள். அப்புறம்தான் குறிப்பைப் படித்தேன். அந்தச் சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக ஐந்து சென்டிமீட்டர் இருக்கணுமாம், என்னுடையது நாலரை. ஜெராக்ஸ்காரரிடம் சண்டைக்குப் போனேன். “தாளுக்குள்ள அடக்கிக் குடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றார். அடக்கியதில் எல்லாமே பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கிறது, சொன்னது நான்தான்.

அதே துணி கடையில் தீர்ந்துவிட்டது. மாமா கிளம்ப ஆறு நாள். போதும்டா சாமி என்று எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அம்மா பீரோவைத் திறந்து ஒரு கறுப்புப் பேண்ட்டை எடுத்துத் தையல் மிஷின்மேல் போட்டாள். ஓட்டல் வாசலில் பதினொரு நாள் செக்யூரிட்டியாக நின்றேனே, அப்போது கொடுத்தது. “அந்த வேலையில உருப்படியா வந்தது இது ஒண்ணுதான், இதையாவது முழுசா கிழிங்க.” கிழித்தேன். முதுகை மறுபடி மூட்டி, இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, கை நுனியிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை பக்கத்துக்கு ஒரு நீளப் பட்டை கொடுத்தேன், உயரமும் பத்தாததால் கீழே சுற்றி இன்னொன்று. அக்குளில் நாலு தையல் சேரும் இடம் இருக்கிறதே, அதை மட்டும் ஏழு தடவை பிரித்தேன். எட்டாவது தடவை உட்கார்ந்தது பார், ஒரு சுருக்கம் இல்லை.

இன்று காலையில் அம்மா போட்டாள். ஜிப் கழுத்து வரை சர்ரென்று ஏறியது. கையைத் தூக்கினாள், குனிந்தாள், வேண்டுமென்றே தண்ணீர்க் கேனை அலாக்காகத் தூக்கிப் பார்த்தாள், ஒரு நூல் அசையவில்லை. முடித்துவிட்டேன் கண்ணு, முழுசாக!

வாஷிங் மிஷினில் போடாதே, கறுப்பு சாயம் விடலாம், தனியாகக் கையால் அலசு. உள்பை ஆழமாக வைத்திருக்கிறேன், சாவியை அதில் போடு, தொலைக்காதே. நல்லா படி என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனால் நல்லா இரு, எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நில், குளிர் உன் பக்கமே வராது. இந்தக் கடிதத்தையும் அந்தப் பையில்தான் வைக்கணும், ஆனால் உன் அம்மா ஜெர்கினைப் போட்டுக்கொண்டு மாடி மாடியாகக் காட்டப் போனவள் இன்னும் கழற்றவில்லை, மாமா கீழே ஹாரன் அடிக்கிறார், நான் போகணும்.

அப்பா