மூன்றாவது திராட்சை

மீனோடு வேண்டாம், நீவெஸ். அடிலெய்டில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக நம் சிவப்பு ஒயினை மீனோடு வைக்காதே, வாய் இரும்பை நக்கியது போல் ஆகிவிடும். நான் சுகம்தான், முழங்கால் மட்டும் எனக்கு முன்பே குளிரைக் கண்டுபிடித்துவிடுகிறது. நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்குப் போதும். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கிறது, அது வேகும்வரை எழுதுகிறேன்.

அனுப்பிய புட்டி என் கலவை. பெரும்பங்கு சாஞ்ஜொவேசே திராட்சை, புளிப்பும் முதுகெலும்பும் அதனுடையது. கனயோலோ அதைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும். அவ்வளவுதான். வெளிர்சிவப்பு, செர்ரி வாசனை, நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு. பீன்ஸுக்கும் தக்காளி ரொட்டிக் கூழுக்கும் சரியாக இருக்கும். உன் அப்பாவின் கலவை வேறு. கொலொரீனோ என்ற கருந்திராட்சை அவருக்கு மூன்றாவதாக வேண்டும். பரணில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, வாடியதும் நசுக்கி, நவம்பரில் அடங்கிக் கிடக்கும் பீப்பாயில் கொட்டுவார். ஒயின் மறுபடி நொதித்து விழித்துக்கொள்ளும். பல்லைக் கருக்கும் ஒயின். ஈரல் வதக்கலோ காட்டுப்பன்றியோ இல்லாமல் அதைக் குடிக்க முடியாது. பீன்ஸ் கஞ்சிக்கு ஒயின் செய்யுறவ வந்துட்டா பாரு என்று என்னைக் கேலி செய்வார்.

நிலவறையைப் பூட்டிவிடு, இறங்காதே என்று எழுதியிருந்தாய். போன வருடம் விழித்த ஒயின் குளிரில் தூங்கிவிடக்கூடாது என்று அப்பா நிலவறைச் சாளரத்தைச் சாக்கால் அடைத்தார். ஒயின் விடும் நச்சு மூச்சுக்கு வெளியேற வழியில்லை. மெழுகுவர்த்தி இல்லாமல் இறங்கினார். நீ வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

இந்த வருடம் நான் எதையும் கொட்டவில்லை. பழக்கதோஷத்தில் கொத்துகளைத் தொங்கவிட்டதோடு சரி. நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளன்று, சமையலறைத் தரைக்கடியில் பீப்பாய் முணுமுணுக்கத் தொடங்கியது. பரணில் போய்ப் பார்த்தேன். காம்புகள் மட்டும் தொங்கின. ஒரு பழம் இல்லை. கீழே ஒரு தோல்கூட இல்லை. உன் ஞானத்தகப்பன் ஒஸ்வால்தோவைக் கூப்பிட்டேன். எலிதான், எங்க வீட்டு எலி இவ்ளோ சுத்தமா சாப்பிட்டா அதுக்கு நானே பொண்ணு பார்த்திருப்பேன் என்று சிரித்தார். பிறகு தரையில் காதை வைத்தார். சிரிப்பு நின்றது. நீதானே கொட்டின, உண்மையச் சொல்லு என்றார். இல்லை என்றேன். காப்பியைக் குடிக்காமலே தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பனி இறங்குகிறது. சொன்னால் திட்டுவாய், நானும் மாலையானால் அந்தச் சாளரத்தை அடைக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் கை தானாகச் செய்கிறது. காலையில் சாக்கு வெளியே கல்லின் மேல் கிடக்கிறது. காற்று என்று நினைத்திருப்பேன். ஆனால் மடித்திருக்கிறது. நான்காக மடித்து, முனையை உள்ளே செருகி. அப்பா மடிப்பது போல. ஒஸ்வால்தோவைக் கேட்டதற்கு, என் சட்டையையே நான் மடிச்சதில்ல, உன் சாக்கையா மடிக்கப்போறேன் என்றார். அவர் இப்போது நம் முற்றத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்.

பயமில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் விழித்த பீப்பாயை யாராவது பார்க்க வேண்டும், இல்லையென்றால் காடியாகிவிடும். அந்த மூச்சு தரையோடு தாழ்ந்து கிடக்கும், அதனால் சுடரை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு இறங்குவேன். சுடர் அணைந்தால் திரும்பிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கடவுள் உன் வாசலில் காவல் நிற்கட்டும். பிள்ளைகளை வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே. புட்டியைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பே திறந்து வை, அதற்கும் மூச்சு வேண்டும்.

உன் அம்மா,
லொரெதானா

உறையை ஒட்டுவதற்கு முன் போய்வந்துவிட்டேன். சுடர் கடைசிப் படிவரை அசையாமல் நின்றது. குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்தேன். கறுப்பாக இருந்தது. குடித்தேன். மேலே வந்து பீன்ஸை இறக்கி வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஈரல் வாங்கி வந்து வாணலியில் போட்டேன்.