தேவானையின் வலது கால்

14 ஜூலை 1987, செவ்வாய். சென்ட்ர் டி ஃப்ளாக் நகரம்.

மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தேவானை இன்றும் யோகா வகுப்புக்கு வந்தாள். நோயாளிகளிடம் சவாசனம் என்ற பெயரை நான் சொல்வதில்லை. “கடல்மேல மிதக்கிற மாதிரி படுங்க” என்பேன். எல்லோரும் மிதந்தார்கள். அவளுடைய வலது கால் மட்டும் பாயை மிதித்துக்கொண்டே இருந்தது.

“மிஸ், இது மெஷின் கால். நிக்காது,” என்று சிரித்தாள். பதினொரு வருடம் தொழிற்சாலையில் சட்டை தைத்தவள்.

ஜன்னலில் கரும்புக்காட்டுக் காற்று. எனக்கே கண் செருகிவிட்டது. விழித்தபோது அந்தக் கால் நின்றிருந்தது. பதறிப்போய் அவள் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு வெதுவெதுப்பாக வந்தது. தூங்கியிருக்கிறாள்! மற்றவர்களை ஓசைப்படாமல் அனுப்பினேன்.

விரலில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது. இதை எழுதும் மேசைக்கடியில் என் கால்தான் நிற்க மாட்டேன் என்கிறது.