ஒரு கை முன்னால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று விடுதிக் காப்பாளர் அக்கா சொன்னார். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நீ குறுக்கே புகுந்துவிடுவாய், கடிதத்தில் அது நடக்காது. இதை உனக்குப் படித்துக் காட்டப் போவதும் அந்த அக்காதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பணிமனையில் எனக்கு அதே வேலை. பேருந்து பின்னால் வரும்போது தட்டி நிறுத்த வேண்டும். சுவருக்கு ஒரு கை தூரம் இருக்கும்போதே தட்டிவிடுகிறேனாம். "நடுவுல இன்னொரு வண்டியே நிறுத்தலாம்ணே" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நடந்த பார்வையற்றோர் நீச்சல் தேர்வின் வீடியோவை உன் பயிற்சியாளர் எனக்கு அனுப்பினார். ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், இருவர் கையிலும் நுனியில் பஞ்சுப் பந்து கட்டிய கம்பு. நாங்கள் தலையில் தட்டினால்தான் சுவர் வந்துவிட்டது என்று உனக்குத் தெரியும். அவர் முனையில் கச்சிதமாகத் திரும்புகிறாய். என் முனையிலோ ஒவ்வொரு முறையும், எட்டாத சுவருக்குக் கையை நீட்டிக்கொண்டு மிதந்து வருகிறாய். நான் சீக்கிரமே தட்டியிருக்கிறேன். அதில் போனது ஒரு விநாடி. நீ தேர்வாகாமல் போனது முக்கால் விநாடியில்.

அன்று நீ அழுதபோது, "தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு, அதான்" என்றேன். நீ நம்பியதாகக் காட்டிக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

உன் ஒன்பது வயதில் ஒருமுறை தாமதமாகத் தட்டிவிட்டேன். நெற்றியில் மூன்று தையல். நீ மறுநாளே குளத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாய். சூடு கண்ட பூனை நான்தான்.

வரும் ஞாயிறு தேர்வுக்கு என் முனைக்கு நானே வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். வருகிறேன், ஆனால் பார்வையாளர் வரிசைக்கு. கம்பை விடுதி அக்காவிடம் கொடுக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதமாகப் பயிற்சியில் என் முனையில் உனக்குத் தட்டுவது அந்த அக்காதானே. "அக்கா தட்டுனா கரெக்டா இருக்குப்பா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தாய். எனக்குக் கோபமில்லை, கண்ணு. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் தங்கச்சி, இந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இனி கம்பு உங்கள் கையில். அவள் சுவரில் மோதிவிடுவாள் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். நேரம் வரும்வரை தட்டாதீர்கள். வரிசையிலிருந்து எவனாவது "தட்டு, தட்டு" என்று கத்தினால் அது நானாகத்தான் இருக்கும். தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா