அலமாரியில் ஏறிய மலை

மலையேறப் போகும் மகராசனுக்கு,

என் காலில் கட்டுப் போட்ட மறுநாளே உங்கள் அக்கா வீட்டுக்குக் கிளம்பியவர், இரண்டு மாதம் கழித்துக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அதில் பூட்ஸ் என்ற சொல் ஐந்து முறை வருகிறது. இத்துடன் அனுப்புகிறேன்.

ஆறு வருடம் அதை அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்து, ஞாயிறுதோறும் மெழுகு தேய்த்தீர்கள். மலை என்ன, தெருமுனைக் கடைக்குக்கூட அது போனதில்லை. நிலம் அளக்கிறவள் நான். மழையில் சரிவேற வேண்டிய அன்று, இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு அதைப் போட்டுப் போகட்டுமா என்று கேட்டேன்.

"சேறு பட்டா தோல் போயிடும். உன் கேன்வாஸ் ஷூவே போதும்" என்றீர்கள்.

போதவில்லை.

நேற்று எடுத்துப் பார்த்தேன். தோல் கண்ணாடிபோல் மின்னியது. அடிப்பாகம் மட்டும் உளுத்த மரமாய் என் மடியில் உதிர்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் காட்டினேன்.

"போட்டு நடந்திருந்தா இன்னும் உழைச்சிருக்கும்மா. சும்மா வெச்சே கெடுத்துட்டாங்க" என்றார். உங்களை அவருக்குத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

உதிர்ந்த தூளையும் கூட்டியள்ளிப் பொட்டலம் கட்டி உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு துணுக்கு குறைந்தாலும் என்மேல்தானே பழி வரும்.

என் கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஊன்றுகோலோடு தபால் நிலையம்வரை நடந்துபோய் இதை அனுப்புகிறவள்