குடிச்சனீங்களோ

வெக்ஸ்போர்ட்,
ஸ்காபரோ.
14.07.2025, திங்கட்கிழமை

அன்புள்ள மங்கைக்கு,

இதுவரை எழுதிய முப்பத்தைந்து கடிதங்களையும் நான் நலம் என்றுதான் தொடங்கினேன். இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீரும் பிள்ளை லக்சிகாவும் சுகமாக இருக்க வேண்டும். அக்கா வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல்லும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கும். சிலது ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். நான் குடிக்கவில்லை. லக்சிகாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் அதே சத்தியத்தை முன்பும் செய்து முறித்தவன் நான், அதற்கு உம்மிடம் மதிப்பிருக்காது என்று தெரியும்.

குடிவெறியோடு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிவந்து காரை நடைபாதையில் ஏற்றிய பிறகுதான் நீர் அவளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனீர். மாதம் ஒரு கடிதம், கையால் எழுதியது, மூன்று வருடத்துக்கு. அதுதான் நீர் போட்ட நிபந்தனை. போனிலை நீங்கள் நல்லா நடிப்பியள், உங்கடை கையெழுத்துக்கு நடிக்கத் தெரியாது என்று சொன்னீர். வெறியில் நான் எழுதினால் ‘ழ’ ஒரு பக்கம் ‘ற’ ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் என்று பகிடியும் பண்ணினீர். இது முப்பத்தாறாவது, கடைசிக் கடிதம். ஓகஸ்ட் முப்பதாம் திகதிக்கு இங்கே திரும்பிவர ரிக்கற்றும் போட்டுவிட்டீர். இந்த நேரம் பார்த்துக் கையெழுத்து இப்படிப் போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மங்கை.

நேற்று ஒஷாவாவுக்கு அப்பால் உள்ள மைதானத்தில் ரிமோட் கார் ஓட்டப்போட்டி. நாற்பத்தெட்டு வயதுக்காரன் மண்மேட்டில் பொம்மைக் கார் விடுகிறான் என்று நீர் சிரிப்பீர். சிரியும், குறையில்லை. ஆனால் அதற்குள் இருப்பது பற்றரி இல்லை, நைற்றோ என்கிற எரிபொருள் ஊற்றி ஓடுகிற உண்மையான எஞ்சின். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற ஊசியை ஒரு மயிரிழை கூட இறுக்கினால் சூடேறி நின்றுவிடும். ஒரு மயிரிழை கூடத் திறந்தால் புகை மட்டும் வரும், ஓட்டம் வராது. நடுங்குகிற கையால் அந்த ஊசியைத் திருப்பவே முடியாது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் போத்தலைப் பிடித்த கையை இந்த மூன்று வருடமும் கட்டிவைத்தது அந்த ஊசிதான். வேறு மருந்து ஒன்றும் நான் எடுக்கவில்லை.

என்னோடு வந்தவன் பஸ்ரியன். பிறம்ரன் கிடங்கில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், இந்தப் பழக்கத்துக்குள் என்னை இழுத்துவிட்டவன் என்று முந்தி எழுதினேனே, அவன்தான். நான் மேடையில் நின்று ரிமோட்டைப் பிடிப்பேன். எட்டு நிமிடத்துக்கு ஒருதரம் கார் உள்ளே வர, அவன் கீழே நின்று எரிபொருள் நிரப்புவான்.

இறுதிப் போட்டிக்குப் பத்து நிமிடம் இருக்க, நிரப்புகிற போத்தலை யாரோ மிதித்து உடைத்துவிட்டார்கள். கைவசம் இருந்தது கழுத்து ஒடுங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றுதான். பெரிய கலனிலிருந்து அதற்குள் ஊற்றினால் பாதி நிலத்துக்குப் போகும். நான் ஒரு சிறு குழாயைக் கலனுக்குள் விட்டு வாயால் இழுத்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இழுத்த வாய்தானே, பதினைந்து வயதில் பழகியது மறக்குமா என்று ஒரு எண்ணம். எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்துவிட்டது. வாய் நிறைய வந்து, ஒரு பெரிய மிடறு உள்ளே போனது. இருமினேன், துப்பினேன், கோப்பியால் வாயைக் கொப்பளித்துவிட்டு மேடைக்கு ஓடினேன். இரண்டாமிடம் வந்தேன். பஸ்ரியன் என்னைத் தூக்கிவிட்டான். இதைத்தான் இந்த மாதத்துச் செய்தியாக எழுத நினைத்திருந்தேன்.

வாகனத்துக்கு நடக்கும்போது கால் பின்னியது. ஓங்காளித்தேன். பஸ்ரியன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அண்ணை, குடிச்சனீங்களோ என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. மூன்று வருசமா ஒரு சொட்டுத் தொடேல்லை, நீயும் இப்பிடிக் கேக்கிறியோ என்று கத்திவிட்டேன். பாவம், அவன் வாகனத்தை ஓட்டிவந்து என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான்.

ஓட்டம் முடிந்தால் எரிபொருள் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சினுக்குள் மிச்சம் இருப்பதை எரியவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துருவேறிக் கறள் பிடிக்கும். நேற்று முதல்தரமாக அதைச் செய்யாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

இன்று காலை தலை வெடிக்கிறமாதிரி வலி, மூன்று தரம் சத்தி எடுத்தேன். தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் எங்கடை ஆள்தான். என்ன சாப்பிட்டீங்கள், ஏதும் குடிச்சனீங்களோ என்று கேட்டார். விட்டு மூன்று வருசம் எண்டேன். நல்ல காரியம் என்று தோளில் தட்டி, காஸ்ரிக்காக இருக்கும் என்று குளிசை தந்தார். அப்போது கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. யூலை மாதம் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தேன், வெயில் சுட்டது. ஆனால் கண்ணுக்குள் பனி நிற்காமல் கொட்டுகிறது. எதிர்வீட்டுக் காரின் நிறம் தெரியவில்லை. இந்தத் தாளில் கோடு எங்கே என்று விரலால் தடவித்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரிகிறது. போகவும் பயம். தள்ளாடிக்கொண்டு போய் நின்றால் பழைய பதிவைப் பார்த்துவிட்டு வெறிக்காரன் என்று எழுதுவார்கள். அது எப்படியோ உம்முடைய காதுக்கு வரும். நீர் ரிக்கற்றைக் கிழித்துப் போடுவீர். அதனால் நம்பும் என்று கேட்கத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலையிலிருந்து நான் குடித்தது என்னவென்று எண்ணிச் சொல்கிறேன். மூன்று கோப்பி. இரண்டு போத்தல் தண்ணீர். அந்த ஒரு மிடறு

மங்கை, அதை நான் குடித்திருக்கிறேன். குடித்தது என்று எழுத வந்தபிறகுதான் தெரிகிறது. கேட்டவர்கள் எல்லோருக்கும் சாராயத்தை நினைத்துக்கொண்டு இல்லை, இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கீழே போய்க் கலனை எடுத்துவந்தேன். அதில் மண்டையோடு போட்டிருக்கிறது. மூன்று வருடமாகக் கையில் வைத்திருந்த கலன். கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. பஸ்ரியனுக்குப் போன் அடிக்கப் போகிறேன்.


ஸ்காபரோ,
22.07.2025

அன்புள்ள மங்கைக்கு,

இது பஸ்ரியனின் கையெழுத்து. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறான். அன்று எழுதியதைத் தபாலில் போட முடியவில்லை, இதோடு வைத்திருக்கிறோம். அதை முதலில் வாசியும்.

நான் சொன்ன உடனே பஸ்ரியன் அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, அது வருமுன் தானும் வந்து சேர்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிற பிள்ளை, ஐயா குடிச்சனீங்களோ என்று கேட்டாள். ஓம், குடிச்சனான், காருக்கு விடுகிற நைற்றோ என்றேன். மூன்று வருடத்தில் அந்தக் கேள்விக்கு முதல்தரமாக ஓம் சொன்னேன். அதன்பிறகு எல்லோரும் ஓடித் திரிந்தார்கள். அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் மெதனோல் என்கிற நஞ்சாம். அது கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்குமாம். இரண்டு நாள் மெஷினில் இரத்தத்தைக் கழுவினார்கள். காஸ்ரிக் என்று குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தால் எழும்பியிருக்க மாட்டீர் என்று டொக்டர் சொன்னார். எப்படித் தெரிந்தது என்றும் கேட்டார். மனுசிக்குக் கடிதம் எழுதும்போது தெரிந்தது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பஸ்ரியன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

இடது கண்ணில் ஒன்றுமில்லை. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிகிறது. ஜன்னலடியில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. சில மாதத்தில் கொஞ்சம் கூடலாம், கூடாமலும் விடலாம் என்கிறார்கள். மூன்று டொக்டர்மாரிடம் கேட்டேன், மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்.

பயம் போகவில்லை. முன்பு செத்துவிடுவேனோ என்று பயம், இப்போது இப்படியே இருந்துவிடுவேனோ என்று பயம். காலையில் முழித்தால் கண்ணைத் திறந்துவிட்டேனா இல்லையா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் வேலை முடிந்தது. எஞ்சினைப் பஸ்ரியன் கழற்றிப் பார்த்தானாம், உள்ளே கறள் ஏறிவிட்டதாம். வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவன் என் கால்மாட்டில் இருந்து அழுகிறான். நான் வேறை மாதிரிக் கேட்டிருக்க வேணும் அண்ணை, என்ன குடிச்சனீங்கள் எண்டு கேட்டிருக்க வேணும் என்கிறான். இந்த வரியை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தான். எழுத வைத்தேன்.

என் போன் பழுது என்று லக்சிகாவுக்குச் சொல்லும்படி பஸ்ரியனிடம் சொன்னவனும் நான்தான். அவனைக் கோபிக்க வேண்டாம். உம்முடைய குரலைக் கேட்டால் என்னால் ஒரு சொல்லும் பேச முடியாது.

நீர் நிபந்தனை போட்டது கண் தெரிகிற மனிசனுக்கு. இப்போது இரக்கப்பட்டு வர வேண்டாம், ரிக்கற்றை மாற்றினாலும் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதச் சொல்லத்தான் நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அது பொய். இரக்கப்பட்டு வந்தாலும் பரவாயில்லை, வாரும். தனியே இருக்க என்னால் முடியாது.

உங்கள் இருவரையும் கடவுள் கைவிடாமல் பார்க்கட்டும். ஓகஸ்ட் முப்பதாம் திகதி பஸ்ரியன் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிவருவான். ஆட்கள் வெளியே வருகிற கதவுக்கு நேரே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உங்களைப் பார்த்து நான் கையசைக்காவிட்டால் தயங்கி நிற்க வேண்டாம். பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிவையும், அவள் பயந்துவிடுவாள். இரண்டு பேரும் தூரத்தில் நிற்காமல் கிட்ட வந்து, நீங்கள்தான் என்று எனக்கு விளங்கும்வரை பேசிக்கொண்டே இருங்கள்.

உம்முடைய,
பிரியந்தன்