குமான் என்று யாரும் இல்லை

மூன்று கிழமைக்கு முன் உன் மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தாள். உன் வீட்டைக் காலியாக்கி, சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள். பைக்குள் உன் கம்பளிச் சால்வையும் நீல மட்டை போட்ட ஒரு கொப்பியும் இருந்தன. கொப்பியைத் திறந்ததும் கிருமிநாசினி மணம் அடித்தது. நாம் இரண்டு பேரும் பதினொரு வருடம் வேலை செய்த முதியோர் இல்லத்தின் மணம். குளித்தாலும் போகாது என்று நீ சலித்துக்கொள்ளும் அதே மணம்.

"அன்ரி, இது தமிழ் எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா என்ன எழுதியிருக்கிறா?"

"சிஸ்டரின்ரை சொல்லுகள், பிள்ளை. நாங்கள் கொரியன் படிச்ச கொப்பி."

அவள் சிரித்தாள். "ஓ, அந்தக் கொரியன் அம்மாவோ? அவவுக்காகத்தானே அம்மா என்னோட இருந்து கொரியன் சீரியல் எல்லாம் பாத்தவா."

அவள் போன பிறகு தேத்தண்ணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ போய், உன் கையெழுத்தைப் பார்க்காமல் நான்கு மாதமாகியிருந்தது. ஆசையோடுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

சிஸ்டரைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவரைப் பற்றிக் கதைக்க இந்த ஊரில் எனக்கு நீ ஒருத்திதான் இருந்தாய். இளம் வயதில் கொரியாவிலிருந்து ஜெர்மனிக்குத் தாதியாக வந்தவர். ஒரு சுவிஸ்காரரைக் கட்டி வின்டர்தூருக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அதே வேலையைச் செய்தவர். எங்களிடம் வரும்போது கணவர் இல்லை, ஒரே மகன் கனடாவில். மறதிநோய் அவருடைய ஜெர்மன் மொழியை முழுதாக அழித்துவிட்டிருந்தது. மிஞ்சியது தாய்மொழியும், தாதிப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பாடமாக்கிய சொற்களும்தான். காலையில் கையில் பட்டியைக் கட்டி இரத்த அழுத்தம் பார்க்கும்போது, வகுப்பில் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிச் சொல்லுவார்: பல்ஸ், மெக்பாக். ரெம்பரேச்சர், சேஒன். ரெஸ்பிரேஷன், ஹோஹுப். பிளட் பிரெஷர், ஹியொராப். நாங்கள் பிழையாகத் திருப்பிச் சொன்னால் விரலால் மேசையில் தட்டுவார். அதனால்தான் அவருக்கு சிஸ்டர் என்று பெயர் வைத்தோம். அப்படிக் கூப்பிட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். பல்லைக் கழற்றிவைத்துவிட்டு அவர் கதைக்கிற கதை அதற்குப் பிடிபடவில்லை. மகனிடம் கேட்டோம். தனக்குத் தெரிந்தது நாலைந்து வீட்டுச் சொற்கள்தான் என்றார். அதனால் நாமே கொப்பி போட்டோம். ஆங்கிலச் சொல், கொரியச் சொல், பக்கத்தில் தமிழ். எல்லாம் தமிழ் எழுத்தில். பொதுக் கொப்பி தாதியர் அறை மேசை இலாச்சிக்குள் இருந்தது. காலை முறை வேலையில் நீ கேட்டதை எழுதுவாய், பின்னேரம் நான் வந்து வாசித்துவிட்டு அவரிடம் போவேன். நீ முதலில் இந்த நீல மட்டைக் கொப்பியில் கிறுக்கிவிட்டுத்தான் அதில் எழுதினாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் கிழமை, புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அவர் "அப்பா, அப்பா" என்று அழுதார்.

"பாவம், தேப்பனைக் கூப்பிடுறா," என்றேன் நான்.

நீ அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "இல்லையடி. இடுப்பைப் பிடிக்கேக்கை மட்டும்தான் சொல்லுறா. நோகுது எண்டு சொல்லுறா போல."

சரியாகவே இருந்தது. வைத்தியரிடம் சொன்னோம், நோவுக்கு மருந்து கொடுத்தார்கள், அடுத்த நாள் சிஸ்டர் முதல் தடவையாக முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். எனக்கு உன்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. "சொல்லை மட்டும் கேக்காத, கை எங்கை போகுதெண்டு பார்," என்றாய். புதிதாக வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொரு நாள் நாம் இரண்டு பேரும் ஒன்றாக நின்றபோது அவர் கழுத்தைத் தொட்டு "மொக்" என்றார். உள்ளங்கையில் ஊதிக் காட்டி "சும்" என்றார். பிறகு இரண்டையும் சேர்த்து "மொக்சும்" என்று சொல்லி நெஞ்சில் கையை வைத்தார். கழுத்தும் மூச்சும் சேர்ந்தால் உயிர். மூன்று பேரும் ஒருவர் கழுத்தை மற்றவர் தொட்டுத் தொட்டுச் சிரித்தோம். "எங்கட ஆக்களும் தொண்டைக்குழிக்குள்ளை உயிர் கிடக்குது எண்டு சொல்லுறவைதானே," என்று நீ சொன்னாய்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவருடைய இதயம் பலமிழந்தது. நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியது. கடைசி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சிஸ்டர் முன்கூட்டி எந்தத் தாளிலும் எழுதிவைக்கவில்லை. மகனும், அம்மா இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை என்றார். அதனால் வைத்தியர் ஒரு கூட்டம் வைத்தார். சாளரத்துக்குப் பக்கத்தில் நீ, உனக்குப் பக்கத்தில் நான்.

"உங்கள் இரண்டு பேருக்கும்தான் அவருடைய பேச்சு விளங்குகிறது," என்றார் வைத்தியர். "சிகிச்சையைப் பற்றி ஏதாவது சொன்னாரா? இனி வேண்டாம் என்று, அல்லது வேண்டும் என்று?"

அவர் உன்னைத்தான் பார்த்தார். நீ மடியில் கையை வைத்துக்கொண்டு, "இல்லை, அப்படி ஒன்றும் எனக்கு விளங்கவில்லை," என்று திருத்தமான ஜெர்மனில் சொன்னாய். எனக்கும் விளங்கவில்லை என்று நானும் சொன்னேன். எனக்கு உண்மையாகவே விளங்கியிருக்கவில்லை. எல்லாச் சிகிச்சையும் செய்யப்படும் என்று படிவத்தில் எழுதினார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு பின்னேரம், நான் அறைக்குள் போனபோது சிஸ்டர் கட்டிலில் குந்தியிருந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். உதடு நீலம். நான் பிராணவாயுக் குழாயை மூக்கில் வைக்கப் போனேன். அவர் என் கையைத் தள்ளினார். "சும்... குமான். குமான்." எனக்கு சும் என்பது மட்டும்தான் தெரியும். மூச்சு வேண்டும் என்கிறார் என்று நினைத்தேன். "ஓம் சிஸ்டர், ஓம், வருகுது," என்று தமிழிலேயே கத்திக்கொண்டு அம்புலன்சுக்கு அடித்தேன்.

அதன் பிறகு ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய். அதைப் பிடுங்காமலிருக்க இரண்டு கைகளுக்கும் வெள்ளை உறை. நான் வேலை தொடங்குவதற்கு முன் மூன்று தடவை போனேன். நான்காம் நாள் குழாயை எடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. உறை போட்ட கையை என் மணிக்கட்டில் வைத்து, கரகரத்த குரலில், "குமான்" என்றார். அன்று மாலையே திரும்பக் குழாய் போட்டார்கள்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா? நீ சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

"குமான் எண்டால் என்னடி?"

நீ நிமிரவில்லை. "தெரியேல்லை. எங்கட குமரன் மாதிரி ஆற்றையோ பேரா இருக்கும்."

நான் நம்பினேன். நோகிறது என்ற சொல்லை அப்பா என்று கேட்டு ஏமாந்தவள் நான். ஆனால் அதைத் திருத்திவிட்டவள் நீ. அதனால் இந்தச் சொல்லை வேறெங்கும் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்பதாம் நாள், மகனின் சம்மதத்தோடு கருவிகளை நிறுத்தினார்கள். சிஸ்டர் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், யாரென்று தெரியாத அந்தக் குமானும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். ஏழு வருடம் கும்பிட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளை உறைகள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாமல் போய், உடுப்புத் தோய்க்கும் பகுதிக்கு மாற்றம் கேட்டு எழுதினேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பிட்டு அவித்து, மீன் குழம்போடு கொண்டுவந்தாய். "நீ உன்னைக் குற்றம் சொல்லாத. உனக்குத் தெரிஞ்சதை நீ செய்தனி," என்றாய். நான் அழுதபோது என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாய். எந்தக் கையால் தடவினாய் என்று இப்போது யோசிக்கிறேன். எழுதிய கையாலா?

பிறகு உனக்கே நோய் வந்தது. கணையத்தில் கட்டி என்று தெரிந்த கிழமையே தாள்களை நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தாய். உனக்குப் பேச முடியாமல் போனால் உனக்காகப் பேச வேண்டியவள் நான் என்று எழுதியிருந்தாய். "மகளாலை ஏலாது. அவள் விடமாட்டாள். நீதான் சரி," என்றாய். "போதும் எண்டு நான் சொன்னா போதும்தான். கேப்பியோ?"

"கேப்பன்," என்றேன்.

கேட்டேனே! மாசி மாதம், காலை பத்து மணிக்கு, வைத்தியர் இன்னொரு சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னபோது நீ என் பக்கம் திரும்பி, "போதும்" என்றாய். உன் மகள் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் வைத்தியரிடம் வேண்டாம் என்றேன். அவள் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. உனக்கு மூக்கில்கூடக் குழாய் இல்லாமல், சாளரத்தைப் பார்த்துக்கொண்டு போனாய். உனக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினேன் என்ற ஒரு நிம்மதிதான் இந்த நான்கு மாதமும் எனக்கிருந்தது.

உன் கொப்பியின் நடுவில், நீ பொதுக் கொப்பியில் எழுதாமல் விட்ட ஒரு பக்கம் இருந்தது. உன் குண்டு எழுத்து. "குமான், போதும். நிப்பாட்டு. சீரியலிலை தாய் பிள்ளைக்குச் சொல்லுறது. காலமை கழுவேக்கை சொன்னா, என்ரை கையைத் தள்ளிவிட்டா. சும் குமான். மூச்சுப் போதும்." கீழே இன்னொரு நாளின் மையில்: "இண்டைக்கும் சொன்னா." அதன் கீழ்: "டொக்டர் கேட்டவர். தெரியாது எண்டிட்டன்." கடைசியாக, பக்கத்தின் அடியில்: "அவள் கேட்டாள். ஆற்றையோ பேர் எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் என்றால் நான்.

அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏன் என்று நீ எழுதவில்லை. எத்தனை தடவை புரட்டிப் பார்த்தேன் தெரியுமா? உனக்காக நானே காரணங்களைத் தேடினேன். தொலைக்காட்சியில் பழகிய ஒரு சொல்லை நம்பி ஓர் உயிரை நிறுத்தச் சொல்ல உனக்குப் பயமாக இருந்திருக்கும். அல்லது சிஸ்டரை விட உனக்கு மனமில்லாமல் இருந்திருக்கும். இரண்டும் எனக்கு விளங்கும். வைத்தியரிடம் சொல்லாததைக்கூட நான் ஒருநாள் பொறுத்துக்கொள்வேன். ஆனால் உடை மாற்றும் அறையில் நான் கேட்டபோது இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் அந்தக் கைகளுக்கு உறை போட்டிருந்தது. அதற்குப் பிறகும் ஏழு வருடம், ஞாயிறுதோறும் என் எதிரில் இருந்து சாப்பிட்டாய். உனக்கு முறை வந்ததும், சொன்னால் கேட்கிறவள் என்று தெரிந்து என்னைத்தான் தேடி வந்தாய். உன் 'போதும்' எனக்கும் உன் மகளுக்கும் விளங்கும் தமிழில் இருந்தது. சிஸ்டருடையதை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் நீ.

இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சிஸ்டரின் மகனுக்குக் கடிதம் எழுதி இல்லத்து அலுவலகம் மூலம் அனுப்பினேன். உன் பெயரை எழுதவில்லை. குமான் என்று ஒரு சொல் இருந்தது, அதன் அர்த்தம் எங்களிடம் இருந்தது, அது உரிய இடத்தில் சொல்லப்படவில்லை என்று மட்டும் எழுதி, என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை பின்னேரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். சுவிஸ் ஜெர்மனில், இந்த ஊர்ப் பிள்ளை போலவே கதைத்தார். அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்றார். சின்ன வயதில் சோறு போடும்போதும், விளையாட்டை நிறுத்தும்போதும் அம்மா சொன்னது. தனக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் ஒன்று.

"எப்படிச் சொன்னார்? கோபமாகவா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் சொல்லுவது போலத்தான்."

அவர் அழுவது கேட்டது. பிறகு, "அம்புலன்சைக் கூப்பிட்டது நீங்களா?" என்றார்.

"ஓம்," என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, திரும்ப ஜெர்மனில் சொன்னேன். அன்று அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

"உங்களுக்குச் சொல் தெரியாதே. தெரியாமல் நின்றிருந்தால் நானும் கூப்பிட்டிருப்பேன்," என்றார்.

தொலைபேசியை வைத்தேன். ஏழு வருடமாக நான் சுமந்ததில் பாதியை, முகம் தெரியாத ஒருவர் ஒரு வசனத்தில் இறக்கிவைத்துவிட்டார். அந்த வசனம் உன்னிடம் இருந்தது. பிட்டுச் சட்டியோடு படியேறி வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ அதைச் சொல்லியிருக்கலாம்.

மற்றப் பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது நீ. உன்னை நினைத்து அழ உட்காருகிறேன், கோபம் வருகிறது. கோபத்தில் எழும்புகிறேன், அழுகை வருகிறது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து திரும்பவும் கட்டில் பக்கத்து வேலைக்குப் போகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். யாராவது என் கையைத் தள்ளினால், அவர் என்ன சொன்னார் என்று கேட்பவர்களுக்கு, எனக்கு விளங்கியதைச் சொல்லுவேன். அரைகுறையாக விளங்கியிருந்தாலும், அரைகுறை என்றே சொல்லுவேன்.